பார்மசி படிப்பு: எந்த வழி யாருக்கு?

மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்தைக் கலக்கவும் எடுத்துக் கொடுக்கவும் இந்தியாவில் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை உண்டு. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், 42-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு இன்று மூன்று படிப்புகள் இருக்கின்றன: இரண்டாண்டு டி.பார்ம், நான்காண்டு பி.பார்ம், ஆறாண்டு பார்ம்.டி. பதிவேட்டைப் பொறுத்தவரை மூன்றும் சமம். டிப்ளமா முடித்தவர் நிற்கும் மருந்துக் கடைக்கும் ஆறு வருடம் படித்தவர் நிற்கும் மருந்துக் கடைக்கும் உரிமத்தில் எந்த வேறுபாடும் கிடையாது.

ஆகவே கடை வைக்கலாமா என்று மட்டும் கேட்டால் மூன்று படிப்புகளுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். மருந்துத் தொழிற்சாலை, அரசுப் பணி, மருத்துவமனை வார்டு, ஆராய்ச்சி, வெளிநாடு என்று கடைக்கு வெளியே போகும்போதுதான் வழிகள் பிரிகின்றன. எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்று பார்த்துவிட்டுப் பின்னோக்கி வந்து படிப்பைத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்காத வருடத்தில் கலந்தாய்வில் கண்ணில் பட்டது எதுவோ அதில் பிள்ளை சேர்கிறான். அந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது மூன்றாம் ஆண்டில்தான் பேச்சுக்கு வருகிறது.

பார்மசி படிப்புகளின் பாடத்திட்டம், சேர்க்கைத் தகுதி, கல்லூரி அங்கீகாரம் ஆகியவற்றை 1949-இல் அமைக்கப்பட்ட இந்திய பார்மசி கவுன்சில், அதாவது பி.சி.ஐ., முடிவு செய்கிறது. நெடுங்காலம் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யும் இதே அதிகாரத்தைக் கோரி வந்தது. பார்மசி கல்வியில் பி.சி.ஐ.யின் சொல்லே செல்லும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அந்த இழுபறி ஓய்ந்தது. மாணவர்களைத் தேர்ந்தெடுத்து இடம் ஒதுக்கும் வேலை மட்டும் மாநிலங்களிடம் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் குரூப்

பார்மசி சேர்க்கைக்கு நீட் தேர்வு தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிகளைப் போலச் சுயவிவரக் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்று மாணவரை எடைபோடும் வழக்கமும் இங்கே இல்லை. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் சேர்ந்து எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. சேர்க்கைக்குழு பார்ப்பது அந்த மதிப்பெண் எந்தப் பாடங்களில் வந்தது என்பதைத்தான். உண்மையான முதல் சல்லடை, மாணவர் பதினொன்றாம் வகுப்பில் எடுத்த குரூப்.

மூன்று படிப்புகளுக்கும் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவது பாடம் உயிரியலாகவும் இருக்கலாம், கணிதமாகவும் இருக்கலாம். பி.பார்முக்கு ஆங்கிலமும் ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். பயாலஜி–மேத்ஸ் குரூப், தாவரவியல்–விலங்கியல் படிக்கும் பியூர் சயின்ஸ் குரூப் இரண்டும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியும். கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களும் விதிப்படி தகுதி உள்ளவர்களே என்பது அவ்வளவு பரவலாகத் தெரிவதில்லை. வணிகவியல், கலைப் பாடப்பிரிவு மாணவர்களுக்கு மட்டும் குறுக்கு வழி எதுவும் கிடையாது.

கணிதப் பிரிவிலிருந்து வருபவர் முதல் செமஸ்டரில் ஈடுசெய் பாடமாக உயிரியலும், உயிரியல் பிரிவிலிருந்து வருபவர் கணிதமும் படிக்க வேண்டும் என்று பி.பார்ம் விதி வைத்திருக்கிறது. இதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. உடலியல் பெயர்களும் மூலிகைகளின் லத்தீன் பெயர்களும் கணித மாணவரை முதல் ஆண்டில் படுத்தும். உடலில் மருந்தின் அளவு ஏறி இறங்கும் கணக்கும் எட்டாம் செமஸ்டரின் புள்ளியியலும் உயிரியல் மாணவரைப் பிற்பாடு படுத்தும். இருவரையும் விடாமல் துரத்துவது வேதியியல். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் செமஸ்டர் முதல் நான்காம் செமஸ்டர் வரை மூன்று தாள்களாக வருகிறது. அதைத் தொட்டுக்கொண்டே மெடிசினல் கெமிஸ்ட்ரி ஆறாம் செமஸ்டர் வரை இன்னும் மூன்று தாள்கள் ஓடுகிறது. மருத்துவத்தின் பக்கத்தில் இருக்கும் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தவர் முதல் இரண்டு ஆண்டுகளில் கண்டுபிடிப்பது, தான் பாதி வேதியியல் துறையில் உட்கார்ந்திருப்பதைத்தான். பிளஸ் டூ வேதியியலை மனப்பாடம் செய்து கடந்தவர்கள் பி.பார்மைப் பற்றி இரண்டு முறை யோசிப்பது நல்லது.

டி.பார்ம்

குறைந்த காலம், குறைந்த செலவு, நேரடியான பயன் என்ற மூன்றும் டி.பார்மில் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் புதிய கல்வி விதிகள் இதன் பாடத்திட்டத்தை மருந்துத் தொழிற்சாலையிலிருந்து மருந்துக் கடைப் பக்கமாகத் திருப்பின. மருந்தாக்கம், வேதியியல், மூலிகை மருந்தியல், உடற்கூறு, சமூக மருந்தியல் ஆகியவை முதல் ஆண்டில் வருகின்றன. ஃபார்மகாலஜி, நோய்களுக்கான மருந்துச் சிகிச்சை, கடை நிர்வாகம், மருத்துவமனை பார்மசி, சட்டமும் நெறிமுறையும் போன்றவை இரண்டாம் ஆண்டில். பிறகு மூன்று மாதத்திற்குக் குறையாமல் 500 மணி நேரம் மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ செய்முறைப் பயிற்சி.

சேர்வது எளிது. சல்லடை கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறது. கல்லூரித் தேர்வில் ஒரு தாளுக்கு 40 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஆனால் 2022-இல் அறிவிக்கப்பட்ட எக்ஸிட் தேர்வு விதிகளின்படி, மருந்தாளுநராகப் பதிவு செய்ய மூன்று தாள்கள் கொண்ட தனித் தேர்வு ஒன்றை எழுதி ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு எடுக்க வேண்டும். வினாக்கள் கொள்குறி வகை. வருகைப் பதிவுக்காக மட்டும் கல்லூரி, தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் புத்தகம் என்று இருந்தவர் டிப்ளமாவைக் கையில் வைத்துக்கொண்டு பதிவெண் இல்லாமல் நிற்க நேரும். பட்டப் படிப்புகள் முடித்தவர்களுக்கு இந்த எக்ஸிட் தேர்வு இல்லை. டி.பார்மா பி.பார்மா என்று தயங்குபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குடும்பத்தில் மெடிக்கல் ஷாப் உள்ளவர், இரண்டே ஆண்டில் சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவர், அரசு மருத்துவமனை மருந்தாளுநர் பணியைக் குறிவைப்பவர் ஆகிய மூவருக்கும் டி.பார்ம் நல்ல தேர்வு. தமிழ்நாட்டில் அரசு மருந்தாளுநர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பணிக்கு டி.பார்ம் அடிப்படைத் தகுதி. பட்டம் பெற்றவருக்கு டிப்ளமா வேலை தானாகவே கிடைத்துவிடும் என்று எல்லா மாநிலங்களிலும் நம்பிவிட முடியாது. பீகாரில் மருந்தாளுநர் பணிக்கு டிப்ளமாவே வேண்டும் என்ற விதியால் பட்டதாரிகள் நீதிமன்றம் வரை போனார்கள். ஒவ்வொரு அறிவிக்கையிலும் தகுதி வரியை எழுத்தெண்ணிப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

டி.பார்ம் சான்றிதழைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போகும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. இதற்காகவே படிப்பைப் பரிந்துரைக்கும் உறவினர்களும் உண்டு. சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது மருந்து விதிகளின் 65-ஆம் விதி. ஆள் இல்லாமல் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும் கடையில் சோதனை வந்தால் கடையின் உரிமத்தோடு அந்தப் பதிவெண்ணும் சிக்கும்.

பி.பார்ம்

மூன்றில் அதிகக் கதவுகளைத் திறப்பது பி.பார்ம்தான். எட்டு செமஸ்டர், ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு தேர்ச்சி, ஆறாவது செமஸ்டருக்குப் பின் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ 150 மணி நேரப் பயிற்சி, கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம் என்று படிப்பு போகிறது.

சட்டமே சில வேலைகளைப் பட்டதாரிகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. மருந்து தயாரிக்கும் ஆலையில் உற்பத்தியைத் தன் பெயரில் மேற்பார்வையிடும் அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்ப ஊழியராக, பார்மசி பட்டதாரி பதினெட்டு மாத அனுபவத்தில் தகுதி பெறுகிறார். வேதியியல் படித்த அறிவியல் பட்டதாரிக்கு இதே தகுதிக்கு மூன்று வருடம் ஆகும். மருந்து ஆய்வாளர் பதவிக்குப் பார்மசி பட்டம் வேண்டும், டிப்ளமா போதாது. தமிழ்நாட்டில் அந்தப் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம், மருந்து அனுமதிக்கான ஆவணப் பணி, பக்கவிளைவுக் கண்காணிப்பு, மருந்து நிறுவன விற்பனை ஆகிய எல்லாவற்றிலும் முதலில் கேட்கப்படுவது இந்தப் பட்டம்தான். சென்னையிலும் கோவையிலும் பெருகியிருக்கும் மெடிக்கல் கோடிங் நிறுவனங்கள்கூட பி.பார்ம் பட்டதாரிகளை விரும்பி எடுக்கின்றன. ஆனால் அந்த வேலைக்கு நான்காண்டு பார்மசி தேவைதானா என்று சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம்.

மேற்படிப்புக்கு இங்கிருந்து ஜிபேட் தேர்வு. முதலில் ஏ.ஐ.சி.டி.இ.யும் பிறகு தேசிய தேர்வு முகமையும் நடத்தி வந்த இந்தத் தேர்வை 2024 முதல் மருத்துவ அறிவியல் தேர்வுகளுக்கான தேசிய வாரியம் நடத்துகிறது. ஜிபேட் தகுதியோடு எம்.பார்ம் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மொகாலி, ஐதராபாத், அகமதாபாத், குவாஹாட்டி உள்ளிட்ட இடங்களில் உள்ள நைப்பர் எனும் தேசிய மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ஆராய்ச்சி, புது மருந்து உருவாக்கம் என்று கனவு இருப்பவருக்கு பி.பார்ம், ஜிபேட், எம்.பார்ம் என்ற வரிசையே பழகிய தடம்.

டி.பார்ம் முடித்தவர் பி.பார்மின் மூன்றாம் செமஸ்டரில் நேரடியாகச் சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். டிப்ளமா பி.சி.ஐ. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் பெற்றதாக இருக்க வேண்டும். முதலாண்டில் விட்டுப்போன தொடர்பாடல் திறன், கணினிப் பயன்பாடு ஆகிய பாடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். இடங்கள் கொஞ்சம்தான், இதற்கும் தமிழ்நாட்டில் தனிக் கலந்தாய்வு உண்டு. பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்து நல்ல கல்லூரியில் பி.பார்ம் கிடைக்காதவர்கள், டிப்ளமாவில் உயர்ந்த மதிப்பெண் எடுத்து இந்த வழியாக உள்ளே வருகிறார்கள். ஒரு வருடம் கூடுதலாகப் போகும். இடையில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் டிப்ளமா கையில் இருக்கும் என்பதால், வருமானம் நிச்சயமில்லாத குடும்பங்களுக்கு நேரடி பி.பார்மைவிட இது பத்திரமானது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பாதையும் உண்டு. டி.பார்ம் முடித்துப் பதிவு செய்து, கடையிலோ மருத்துவமனையிலோ குறைந்தது நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்காக 2014-இல் ‘பி.பார்ம் பிராக்டிஸ்’ என்ற இரண்டாண்டுப் படிப்பு கொண்டுவரப்பட்டது. நடத்தும் கல்லூரிகள் மிகக் குறைவு. தொழிற்சாலை வேலையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதும் அல்ல. வேலையில் இருப்பவர் பட்டத்தை எட்டிப்பிடிக்க உதவும், அவ்வளவே.

பார்ம்.டி

2008-இல் கொண்டுவரப்பட்ட படிப்பு. ஐந்து வருடம் பாடம், ஆறாவது வருடம் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். அதில் ஆறு மாதம் பொது மருத்துவத் துறையிலும் வேறு மூன்று துறைகளில் தலா இரண்டு மாதமும் வார்டில் நிற்க வேண்டும். பிளஸ் டூவில் அதே இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது கணிதம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். டி.பார்ம் முடித்தவரும் சேரலாம், ஆனால் அவருக்கு இங்கே லேட்டரல் சலுகை இல்லை, முதல் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு 30 இடம். 80 விழுக்காடு வருகை கட்டாயம்.

நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படித்து, மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு அளவு கூடிவிட்டதா, பக்கவிளைவைப் புதிய நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் கிளினிக்கல் பார்மசிஸ்டை உருவாக்கவே இந்தப் படிப்பு வந்தது. தேவை உண்மையானது. ஆனால் இந்திய மருத்துவமனைகளில் அந்தப் பதவி படிப்பின் வேகத்திற்கு வளரவில்லை. தர அங்கீகாரம் பெற்ற பெரிய தனியார் மருத்துவமனைகள் கிளினிக்கல் பார்மசிஸ்டுகளை வைத்திருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இன்னும் மருந்து வழங்கும் ஜன்னல்தான் பார்மசி. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் ஆசை காட்டிச் சில கல்லூரிகள் இந்தப் படிப்பை விற்கின்றன. அந்த முன்னொட்டு, மருந்து எழுதித்தரும் உரிமை எதையும் தருவதில்லை. அதை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள் இன்டர்ன்ஷிப் முடிந்ததும் மனமுடைவதைப் பார்க்கலாம்.

அப்படியானால் யாருக்கு? நோயாளியோடு வேலை செய்ய விரும்புபவர், ஆறு வருடம் குடும்பம் தாங்கும் என்ற நிலையில் உள்ளவர், வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், மருந்தாளுநராக உரிமம் பெற நினைப்பவர் ஆகியோர் பார்ம்.டி எடுக்கலாம். கிளினிக்கல் ட்ரயல், பக்கவிளைவுக் கண்காணிப்பு நிறுவனங்களிலும் இந்தப் பட்டத்திற்கு மதிப்பு உண்டு. மருந்து ஆலையில் உற்பத்திப் பிரிவுக்குப் போவதே நோக்கம் என்றால் ஆறு வருடம் தேவையில்லை.

இதே பட்டத்திற்கு இரண்டாவது வாசல், பி.பார்முக்குப் பிறகு சேரும் பார்ம்.டி போஸ்ட் பாக்கலரியேட். இரண்டாண்டு பாடம், ஓராண்டு இன்டர்ன்ஷிப். கல்லூரிக்குப் பத்து இடம்தான். பிளஸ் டூ முடித்த உடனே சேர்ந்தால் ஆறு வருடம், பி.பார்ம் வழியாக வந்தால் ஏழு. கூடுதலாகப் போகும் அந்த ஒரு வருடத்திற்கு ஈடாக மாணவருக்கு இரண்டு பட்டம் கிடைக்கிறது. நான்காம் ஆண்டின் முடிவில் மருத்துவமனையா, தொழிற்சாலையா, எம்.பார்மா என்று மறுபடி யோசிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பதினேழு வயதில் கிளினிக்கல் பார்மசி என்றால் என்ன என்று தெரிந்து சேர்பவர்கள் குறைவு. உறுதியில்லாதவர்கள் இந்த நீண்ட வழியில் போவதே மேல்.

ஒன்றுபோலத் தோன்றும் வேறு படிப்புகள்

பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்துபோகும் இடங்கள் சில உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி வளாகத்தில் இருக்கும் பி.டெக். பார்மசூட்டிக்கல் டெக்னாலஜி, பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் படிப்பு. மருந்து உற்பத்திக்கு அருமையான படிப்பு என்றாலும் அதை முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. காசியில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932-இல் தொடங்கிய பார்மசி துறை, இந்தியாவில் இந்தக் கல்விக்கே தாய்வீடு. இன்று அது ஐ.ஐ.டி.யின் ஒரு பகுதியாகி, அங்கே சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். பி.எஸ்சி. படிப்புகளில் மருந்து வேதியியல் என்று பெயர் வந்தாலும் அவை பதிவேட்டுக்கு இட்டுச் செல்வதில்லை. சித்த மருத்துவமனைகளில் மருந்து வழங்குபவர்களுக்கான டிப்ளமா இந்திய மருத்துவத் துறையைச் சேர்ந்தது. அதை வைத்து அலோபதி மருந்துக் கடை திறக்க இயலாது.

தபால் வழி டி.பார்ம், வார இறுதி டி.பார்ம், வடமாநிலக் கல்லூரி ஒன்றில் பெயர் மட்டும் பதிந்துவிட்டுத் தேர்வுக்குப் போனால் போதும் என்னும் டி.பார்ம் எல்லாமே பணத்தைத் தொலைக்கும் வழிகள். பி.சி.ஐ. தொலைதூரக் கல்வியில் எந்தப் பார்மசி படிப்பையும் ஏற்பதில்லை. பதிவுக்குப் போகும்போது மாநிலக் கவுன்சில் கல்லூரியிடமும் பல்கலைக்கழகத்திடமும் சான்றிதழைச் சரிபார்க்கும்.

கலந்தாய்வும் அதற்கு வெளியேயும்

தமிழ்நாட்டில் பார்மசி படிப்புகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்களை, சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு நிரப்புகிறது. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி போன்ற துணை மருத்துவப் படிப்புகளோடு பி.பார்முக்கும் விண்ணப்பம் பெறப்படும். டிப்ளமாவுக்கும் லேட்டரல் என்ட்ரிக்கும் அறிவிப்புகள் தனித்தனியே வரும். எம்.பி.பி.எஸ். விண்ணப்பத்தோடு இது வந்துவிடும் என்று நினைத்துக் கடைசித் தேதியைத் தவறவிடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

தரவரிசைக்குப் பிளஸ் டூவின் அறிவியல் பாட மதிப்பெண்கள்தான் கணக்கு. அதற்கு மேல் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் என்று ஆவணங்களைப் பிளஸ் டூ தேர்வு நடக்கும்போதே தயார் செய்துவிடுவது நல்லது. தேர்வு முடிவு வந்த வாரத்தில் இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியே இடம் பெற்றவர்களுக்குத்தான். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போய்விடும். இது தெரியாமலே கலந்தாய்வு வரும் முன் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிடும் பெற்றோர் பலர்.

அரசுக் கல்லூரிகளில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் உள்ள பார்மசி கல்லூரிகள் பெயர் பெற்றவை. கட்டணம் மிகக் குறைவு, பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை. போட்டியும் அதற்கேற்றபடி கடுமை. மற்ற இடங்கள் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் உள்ளன. ஊட்டி ஜே.எஸ்.எஸ்., போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கலந்தாய்வு இல்லை, அவற்றிடமே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து மாநிலங்களின் வழி வேறு. கர்நாடகத்தில் கே.சி.இ.டி., கேரளத்தில் கீம், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இ.ஏ.பி.செட் என்று நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. புதுச்சேரி சென்டாக் மூலம் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே இடம் தருகிறது. பிலானி பிட்ஸில் பி.பார்ம் சேர பிட்சாட் எழுத வேண்டும்.

கல்லூரியைப் பார்ப்பது

புதிய பார்மசி கல்லூரிகளுக்குப் பி.சி.ஐ. ஐந்தாண்டுத் தடை விதித்திருந்தது. அப்படியொரு தடையை நிர்வாகத் தீர்மானத்தால் போட முடியாது என்று நீதிமன்றங்கள் கூறி, 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தபின் கல்லூரிகள் பெருகின. ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தைவிடக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. பி.சி.ஐ.யின் இணையதளத்தில் கல்லூரியின் பெயர், படிப்பு, அனுமதிக்கப்பட்ட இடங்கள், எந்தக் கல்வியாண்டு வரை அங்கீகாரம் என்ற நான்கையும் பார்க்க வேண்டும். டி.பார்முக்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரி பி.பார்மையும் அதே பலகையில் எழுதி வைத்திருக்கலாம். ஒன்றின் அனுமதி மற்றதற்குச் செல்லாது.

பார்ம்.டிக்கு மருத்துவமனைதான் பாடப்புத்தகம். குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனையோடு கல்லூரி இணைந்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. காகிதத்தில் ஒப்பந்தம் இருக்கும், மாணவர்கள் வார்டு ரவுண்டுக்குப் போவதே அபூர்வமாக இருக்கும். நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குப் போகிறீர்கள், மருத்துவர்கள் உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா என்று விசாரித்தால் கல்லூரியின் கையேடு சொல்லாதது தெரிந்துவிடும். பி.பார்முக்கு ஆய்வகத்தில் மருந்தைப் பகுப்பாய்வு செய்யும் எச்.பி.எல்.சி. கருவி ஓடுகிறதா, துணி போர்த்தி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி புரியும். அண்மை ஆண்டுகளில் எத்தனை பேர் ஜிபேட்டில் தகுதி பெற்றார்கள் என்பது, வளாக நேர்காணலில் எத்தனை பேருக்கு வேலை என்று விளம்பரத்தில் போடும் எண்ணைவிட நம்பகமான அளவுகோல்.

வெளிநாட்டு உரிமம்

வெளிநாட்டை நினைப்பவர்கள் முதலாண்டுக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். 2003 ஜனவரி 1-ஆம் தேதி முதல் பட்டம் பெறும் வெளிநாட்டு மருந்தாளுநர்களிடம் அமெரிக்கா குறைந்தது ஐந்தாண்டு நீளமுள்ள பார்மசி படிப்பைக் கேட்கிறது. நான்காண்டு பி.பார்ம் அந்தக் கணக்கில் தேறாது, ஆறாண்டு பார்ம்.டி தேறும். அதன்பின் எஃப்.பி.ஜி.இ.இ. என்ற சமநிலைத் தேர்வு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, பயிற்சி மணி நேரம், உரிமத்திற்கான நாப்லெக்ஸ் என்று பாதை நீள்கிறது. அமெரிக்கக் கல்லூரியிலேயே நான்காண்டு பார்ம்.டி சேர விரும்புபவர் கல்லூரி அளவில் முன்பாடங்கள் படித்திருக்க வேண்டும். அங்கே நெடுநாள் இருந்த பீகேட் என்ற நுழைவுத் தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. இப்போது அறிவியல் பாடங்களின் மதிப்பெண், நேர்காணல், மருந்துக் கடையில் வேலை பார்த்த அனுபவம் ஆகியவற்றையே அந்தக் கல்லூரிகள் எடைபோடுகின்றன.

கனடா நான்காண்டு பட்டத்தை ஏற்று ஆவண மதிப்பீடு, மதிப்பீட்டுத் தேர்வு, தகுதித் தேர்வு என்று படிப்படியாக நடத்துகிறது. பிரிட்டனில் இந்தியப் பட்டதாரி ஓஸ்பாப் என்ற ஓராண்டுப் படிப்பை முடித்து, 52 வாரப் பயிற்சி பெற்று, பதிவுத் தேர்வு எழுத வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் இந்திய மாநிலக் கவுன்சிலின் பதிவுச் சான்றையும் நன்னிலைச் சான்றையும் கேட்பார்கள். படிப்பு முடித்த உடனே வேலை கிடைக்காவிட்டாலும், தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிந்து காலம் தவறாமல் புதுப்பித்து வைத்திருப்பது அவசியம். விட்டுப்போன ஆண்டுகளை வெளிநாட்டு விண்ணப்பத்தின்போது விளக்குவது கடினமான வேலை.